"நீங்க சேஃப்" என்ற வார்த்தையை நம்பிய எட்டு மாதம்

2023 நவம்பர் 28, செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு ஒரு காலண்டர் இன்வைட் வந்தது. மூன்றரைக்கு மீட்டிங். தலைப்பு 'கனெக்ட்', பதினைந்து நிமிடம். என் டைரக்டரும், அதுவரை பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு ஹெச்.ஆர். பெண்மணியும் இருந்தார்கள். அந்த அம்மா கேமராவையே போடவில்லை. டைரக்டர் போட்டிருந்தார், ஆனால் என்னைப் பார்க்காமல் பக்கத்து மானிட்டரைப் பார்த்துத்தான் படித்தார். பதினோரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. பதிமூன்று வருடம் நான்கு மாதம் பார்த்த வேலை. மிச்சம் நான்கு நிமிடம் இருந்தது, "கேள்வி ஏதாவது இருக்கா?" என்றார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. "ஓகே, தேங்க்யூ" என்றேன். எதற்கு தேங்க்யூ சொன்னேன் என்று இன்றைக்கும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு அமெரிக்க நிறுவனம், சோழிங்கநல்லூர் பக்கம் சென்னை மையம், அதில் மருத்துவமனைகளுக்கான மென்பொருள் எழுதும் பிரிவு என்ற அளவில் போதும். வேலை போனதைப் பற்றிப் புலம்புவதற்காக இதை எழுதவில்லை. வேலை போகும் என்பது எட்டு மாதத்துக்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் மேலே இருப்பவர்கள் தெளிவாகச் சொல்வார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். என் பணம் பெரும்பாலும் அந்தக் காத்திருப்பில்தான் கரைந்தது. அன்று யாராவது ஒருவர் என்னை உட்கார வைத்து இதையெல்லாம் சொல்லியிருக்கலாம்.

2023 மார்ச்சில் ஆரம்பித்தது. அதற்கு முந்தைய நவம்பரில் மெட்டா 11,000 பேரை அனுப்பியிருந்தது. ஜனவரியில் கூகுள் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000, அமேசான் 18,000 என்று அறிவிப்புகள் வரிசையாக வந்தன. எங்கள் கேன்டீனில் அதே பேச்சுதான். அந்தச் சமயத்தில் எங்கள் பிரிவை விற்கப் பார்க்கிறார்கள் என்று ஒரு வெளிநாட்டு வணிகப் பத்திரிகையில் செய்தி வந்தது. கம்பெனியின் பதில், பிரிவுக்கான 'பலவித உத்திகளை ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்' என்பதுதான். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆராய்கிறார்கள், அவ்வளவுதானே! பங்குச் சந்தை விவரம் தெரிந்த ஒரு ஜூனியர் பையன் மட்டும் சிரித்தான். "அண்ணா, வீட்டு வாசல்ல 'விற்பனைக்கு'ன்னு போர்டு மாட்டிட்டாங்கன்னு அர்த்தம்."

அடுத்த வாரம் டவுன் ஹால், அதாவது ஊழியர்கள் எல்லோருக்குமான கூட்டம். பெரிய தலைவர் அமெரிக்காவிலிருந்து வீடியோவில் வந்தார். இருபது நிமிடம் 'நம் குடும்பம்', 'நம் பயணம்' என்று பேசினார். கேள்விகளைப் பெயர் போடாமல் எழுதி, பிடித்ததற்கு ஓட்டுப் போடும் வசதி இருந்தது. முதல் இடத்தில் இருந்த கேள்வி ஒரே வரி: "எங்கள் பிரிவு விற்கப்படுகிறதா, ஆம் அல்லது இல்லை?" முன்னூறு ஓட்டுக்கு மேல் வாங்கியிருந்தது. மூன்றாவது கேள்வியை எடுத்துப் பேசினார்கள், ஐந்தாவதை எடுத்தார்கள், அலுவலகத்துக்கு நாயைக் கூட்டி வரலாமா என்ற கேள்விக்குக்கூடச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்கள். முதல் கேள்வி அப்படியே நின்றது. அடுத்த டவுன் ஹாலில் ஓட்டுப் போடும் வசதியையே காணோம்.

கோபம் கோபமாக வந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி, கையெழுத்தாவதற்கு முன் விற்பனை விவரத்தை ஊழியர் கூட்டத்தில் போட்டு உடைக்க முடியாது. ரகசிய ஒப்பந்தம் இருக்கும், சட்டம் இருக்கும். அவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு நியாயம் உண்டு. ஆனால் 'சொல்ல முடியாது' என்று சொல்லலாமே! அதைச் சொல்லாமல் "பிஸினஸ் வழக்கம்போல நடக்கும், வேலையில் கவனமாக இருங்கள்" என்றார்கள். அதற்குக் கீழே இருந்தவர்கள் ஒரு படி மேலே போனார்கள். என் டைரக்டரிடம் தனியாகக் கேட்டேன். தோளில் கை போட்டு, "பாஸ், உங்க மாட்யூலை வச்சுத்தான் இந்த பிஸினஸே ஓடுது. யாரைத் தூக்கினாலும் உங்களைத் தூக்க மாட்டாங்க. நீங்க சேஃப்" என்றார். அவருக்கும் அப்போது ஒன்றும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். தெரியாமல் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பி நான் எடுத்த முடிவுகள்தான் கீழே வருபவை.

முதல் முடிவு ஜூனில். பெருங்குடியில் ஒரு கம்பெனி என்னைத் தேர்வு செய்து, 22 சதவீதம் கூடுதலாக ஆஃபர் கொடுத்தது. டைரக்டரிடம் சொன்னேன். "டிசம்பர்ல புரமோஷன் லிஸ்ட்ல உங்க பேர் இருக்கு" என்றார். மனைவி, "ஏங்க, அதை ஒரு மெயில்ல போடச் சொல்லுங்களேன்" என்றாள். பள்ளிக்கூட ஆசிரியை, எதையும் எழுத்தில் கேட்பாள். இத்தனை வருடம் கூட வேலை பார்த்தவரிடம் போய் எழுதிக் கொடு என்று எப்படிக் கேட்பது? ஆஃபரை வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். விற்பனைப் பேச்சு ஓடும் காலத்தில் எழுத்தில் இல்லாத வாக்குறுதிக்கு ஒரு ரூபாய்கூட மதிப்பில்லை. சொன்னவர் நல்லவராகவே இருக்கலாம். நாளைக்கு அந்த நாற்காலியில் அவரே இருக்கப் போவதில்லை. எங்கள் டைரக்டரையும் அடுத்த மார்ச்சில் அனுப்பிவிட்டார்கள்.

அறிகுறிகள் எதுவும் இல்லாமல் இல்லை. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. மே மாதம் எல்லோரையும் அறிவுசார் சொத்து ஒப்பந்தத்தில் மறுபடி கையெழுத்துப் போடச் சொன்னார்கள். சேரும்போதே போட்டதுதானே என்று கேட்டால், "காப்பி மிஸ் ஆயிடுச்சு, ஃபார்மாலிட்டிதான்" என்றார்கள். பிறகு வெளியார் எழுதிப் பொதுவில் விட்ட ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் எதை எங்கே பயன்படுத்தியிருக்கிறோம் என்று மூன்று வாரம் பட்டியல் எடுக்க வைத்தார்கள். வாங்குகிறவர் முதலில் கேட்பது இந்த இரண்டையும்தான்: இந்தக் கோடு (மென்பொருள் நிரல்) உங்களுடையதுதானா, இதில் வில்லங்கம் ஏதும் இல்லையே? நிலம் வாங்குகிறவன் தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றிதழும் கேட்கிற மாதிரி. ஆகஸ்டில் எங்கள் காஸ்ட் சென்டர் எண், அதாவது எங்கள் செலவை எழுதும் கணக்கின் எண், மாறியது. கம்பெனிக் கணக்கிலிருந்து எங்களைத் தனியாகப் பிரித்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தம். வெளியூர்ப் பயணம் நின்றது, கான்ட்ராக்ட் ஆட்கள் சத்தமில்லாமல் குறைந்தார்கள். நான்காம் மாடியில் ஃபில்டர் காபி போட்டுக்கொண்டிருந்த பெரியவரை நிறுத்திவிட்டு, பொடிப் பாக்கெட் மெஷின் ஒன்றை வைத்தார்கள். இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் ஒப்பந்தத்தில் மறு கையெழுத்து, ஓப்பன் சோர்ஸ் பட்டியல், காஸ்ட் சென்டர் மாற்றம் மூன்றும் ஆறு மாதத்துக்குள் வந்தால், அன்று ராத்திரியே உங்கள் ரெஸ்யூமைத் திறந்துவிடுங்கள்.

விற்கப் போகிற கடையில் எதற்கு ஆளைக் குறைக்கிறார்கள் என்பது எனக்கு வெகுநாள் புரியாத புதிர். வாங்குகிறவன் ஆட்களோடு சேர்த்துத்தானே வாங்குவான் என்று நினைத்தேன். ஆடிட்டர் நண்பர் ஒருவர் டீக்கடையில் வைத்து விளக்கினார். இந்த மாதிரி வியாபாரத்தில் ஆண்டு லாபத்தை ஒரு மடங்கால் பெருக்கித்தான் விலை பேசுவார்களாம். பேச்சுக்கு, பத்து மடங்கு என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு ஒரு கோடி சம்பளத்தைக் குறைத்தால் லாபம் ஒரு கோடி கூடும், விற்கும் விலையோ பத்துக் கோடி கூடும். "நீ நல்லா வேலை பார்த்தியா, பார்க்கலையாங்கிறதே அந்தக் கணக்குல வராதுப்பா" என்றார். எனக்கு அப்போது ஒரு பக்கம் வயிறு எரிந்தது, இன்னொரு பக்கம் ஆறுதலாகவும் இருந்தது. நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்ற எண்ணத்தில் இரண்டு மாதமாகத் தூங்காமல் இருந்தவன் நான்.

அக்டோபர் 23 ஆயுத பூஜை. ஒவ்வொரு வருடமும் ஃப்ளோர் முழுக்கத் தோரணம் கட்டி, சர்வர் ரூம் கதவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலைப் பொட்டலம் கொடுப்போம். அந்த வருடமும் செய்தோம். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த வி.பி. (துணைத் தலைவர்) ஒருவர் வேட்டி கட்டிக்கொண்டு எங்களோடு படம் எடுத்துக்கொண்டார். என் தோளில் தட்டி, என் மாட்யூலைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொன்னார். வேலையை விட்டு அனுப்பப் போகிறவர்களின் பட்டியல் அவர் பையில்தான் இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. பூசணிக்காய் உடைத்த இடத்தில் அவர் கால் வழுக்கப் பார்த்தது, நான்தான் பிடித்தேன்.

அதே மாதம் எங்கள் டீமில் ஒருவர் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டார். தினமும் கேன்டீனில் தலைவர்களைத் திட்டுவதில் முதல் ஆள், விற்பனைப் பேச்சு வந்தாலே எழுந்து போக ஆரம்பித்தார். விற்பனை முடியும் வரை இருந்தால் இத்தனை மாதச் சம்பளம் என்று சிலருக்கு மட்டும் ரிடென்ஷன் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அதிலேயே நிபந்தனை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை, கையெழுத்துப் போட்டவர் என்ன செய்வார்? என்னிடம் யாரும் அப்படி ஒரு கடிதத்தோடு வரவில்லை என்பதுதான் எனக்கான செய்தி. அது எனக்கு அப்போது எட்டவில்லை. மாறாக, என் வேலையை இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுக்க, அதாவது கே.டி. கொடுக்கச் சொன்னபோது, புரமோஷனுக்காக என்று சந்தோஷமாகக் கொடுத்தேன். வீடியோ வீடியோவாக எடுத்து வைத்தேன்.

இந்த கே.டி.யால்தான் என் இரண்டாவது பெரிய நஷ்டம். அம்மாவுக்கு வலது மூட்டு தேய்ந்து, டாக்டர் மாற்று அறுவை சிகிச்சைக்குச் சொல்லியிருந்தார். கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸில் அம்மாவும் இருந்தார், முதல் நாளிலிருந்தே எல்லா நோய்க்கும் கவர். அக்டோபரில் செய்துவிடலாம் என்று இருந்தோம். "கே.டி. முடியட்டும், ஜனவரியில் லீவு போட்டு நிம்மதியா பார்க்கலாம்மா" என்றேன். "உன் வேலையைப் பாரு தம்பி, என் முட்டி எங்க ஓடிடப் போகுது" என்றார் அம்மா.

இப்போது மறுபடி நவம்பர் 28. ஹெச்.ஆர். அம்மா இரண்டு வழி சொன்னார். நானே ராஜினாமா செய்வதாக எழுதிக் கொடுத்தால், இரண்டு மாத நோட்டீஸ் பணமும் அதற்கு மேல் மூன்று மாதச் சம்பளமும் தருவார்கள். கடைசி நாள் நவம்பர் 30. இல்லையென்றால் கம்பெனியே நீக்கும், நோட்டீஸ் பணம் மட்டும்தான், "ரெக்கார்டில் அது நன்றாக இருக்காது, அடுத்த கம்பெனி வெரிஃபிகேஷனில் கேட்பார்கள்." மாலை ஆறு மணிக்குள் சொல்ல வேண்டும், அதற்கப்புறம் இந்த ஆஃபர் கிடையாது. மனைவிக்கு போன் போட்டேன், வகுப்பில் இருந்தாள், எடுக்கவில்லை. ஐந்து நாற்பதுக்குக் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். கை நடுங்கியதா என்று கேட்டால் இல்லை. சீக்கிரம் இந்த அறையை விட்டு வெளியே போனால் போதும் என்றுதான் இருந்தது. இந்த அவசரம்தான் அவர்களுக்கு வேண்டியது. கத்தவும் அழவும் நேரம் இருந்தாலும் படிக்க நேரம் இருக்கக்கூடாது.

அதே நாளில் அதே பேச்சு எங்கள் டீமிலேயே ஒரு பெண்ணிடமும் நடந்தது. என்னைவிட மூன்று வருடம் சர்வீஸ் குறைவு. அவர் சத்தமே போடவில்லை. "இதை என் சொந்த மெயிலுக்கு அனுப்புங்கள், வக்கீலிடம் காட்டிவிட்டு மூன்று நாளில் பதில் சொல்கிறேன்" என்று மட்டும் எழுதினார். ஆறு மணிக்குப் போய்விடும் என்ற ஆஃபர் ஏழு மணிக்கும் இருந்தது, மறுநாளும் இருந்தது. கடைசியில் அவருக்கு ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகக் கிடைத்தது. அதைவிட முக்கியம், நோட்டீஸைப் பணமாக வாங்காமல் ஜனவரி கடைசி வரை ரோலில் வைத்திருக்கச் சொன்னார், வைத்திருந்தார்கள். வேலைக்கு வர வேண்டாம், ஆனால் ஊழியர்.

அந்த ஒரு கோரிக்கையின் மதிப்பு எனக்குப் பிறகுதான் புரிந்தது. கிராஜுவிட்டி, அதாவது பல வருடம் வேலை பார்த்தவருக்கு விலகும்போது தரும் பணிக்கொடை, அதன் அப்போதைய கணக்கைப் பாருங்கள். கடைசி அடிப்படைச் சம்பளத்தைப் பதினைந்தால் பெருக்கி, 26-ஆல் வகுத்து, சர்வீஸ் வருடங்களால் பெருக்க வேண்டும். கடைசி வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் போனால் அதை முழு வருடமாக எடுப்பார்கள். என் பேசிக் 72,000. நான் சேர்ந்தது 2010 ஜூலை 19. நவம்பர் 30-இல் முடித்ததால் 13 வருடம்தான், 5,40,000 ரூபாய். ஜனவரி 28 வரை ரோலில் இருந்திருந்தால் பதிமூன்று வருடம் ஆறு மாதம் தாண்டியிருக்கும், 14 வருடக் கணக்கு வந்திருக்கும். 41,538 ரூபாய், ஒரு வரி கேட்காததால் போனது. இன்ஷூரன்ஸும் ஜனவரி வரை ஓடியிருக்கும். உங்கள் சேர்ந்த தேதியை இன்றே ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடத்தைத் தொடப் போகிறவர்கள் இன்னும் கவனமாக, ஏனென்றால் அவர்களுக்கு மொத்த கிராஜுவிட்டியும் ஒரு சில வாரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

ராஜினாமா என்று எழுதிக் கொடுத்ததில் போனது இன்னும் பெரிது. அப்போது நடப்பில் இருந்த 1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டப்படி, ஆட்குறைப்பு செய்தால் ஒரு வருட சர்வீஸுக்குப் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. என் மாதச் சம்பளம் 1,60,000 என்று வைத்தால் பதிமூன்று வருடத்துக்கு ஆறரை மாதம், 10,40,000. நான் வாங்கியது மூன்று மாதம், 4,80,000. "நீங்க மேனேஜர், உங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது" என்பார்கள். என் பதவிப் பெயர் 'டெக்னிக்கல் மேனேஜர்', என் கீழ் ஒரு ஆள்கூடக் கிடையாது, கோடு எழுதுவதுதான் வேலை. பதவிப் பெயரை வைத்து இது முடிவாவதில்லை, செய்த வேலையை வைத்துத்தான். ஐ.டி. ஊழியர்களும் இந்தச் சட்டத்துக்குள் வருவார்கள், சங்கம் வைக்கலாம் என்று 2016-இலேயே தமிழக அரசு தெளிவுபடுத்தியது. நான் வழக்குப் போட்டிருந்தால் ஜெயித்திருப்பேன் என்று சொல்லவில்லை. வழக்கு இருக்கிறது என்ற பயமே பேரம் பேச உதவியிருக்கும். நானாகவே விலகினேன் என்று எழுதிக் கொடுத்தவனுக்கு அந்தப் பேரமும் இல்லை. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துறை அலுவலகம் வரை போய் விசாரித்தேன். அங்கே இருந்த அதிகாரி என் கடிதத்தைப் படித்துவிட்டு, "நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்களே சார்" என்றார். அதற்கு மேல் என்ன பேச முடியும்?

ஒரு இடைச்செருகல். என் கதை பழைய சட்டக் காலத்தில் நடந்தது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. வேலையை விட்டு நிறுத்தினாலும் நாமே விலகினாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது புதுச் சட்டம். எனக்கு ஃபுல் அண்ட் ஃபைனல், அதாவது கணக்கு முடித்துத் தரும் பணம், வர 52 நாள் ஆனது. அதனால் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒரு தொழிலாளர் சட்ட வக்கீலுக்கு இரண்டாயிரமோ மூவாயிரமோ கொடுத்து அரை மணி நேரம் பேசிவிடுங்கள்.

வேலை போகாமல் தப்பி, புது முதலாளியிடம் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பெனியின் பங்குகளை விற்றால் உங்கள் முதலாளி சட்டப்படி அதே கம்பெனிதான், எதுவும் மாறாது. பிரிவை மட்டும் வெட்டி விற்றால் நீங்கள் புது கம்பெனிக்கு மாற வேண்டும், அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். அப்போது வரும் ஆஃபர் கடிதத்தில் ஒரு வரியைத் தேடுங்கள்: பழைய சேர்ந்த தேதியிலிருந்து சர்வீஸ் தொடரும் என்று இருக்கிறதா? அது இல்லாவிட்டால் கிராஜுவிட்டி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். என் நண்பர்கள் சிலருக்கு முதல் கடிதத்தில் அந்த வரி இல்லை, கேட்ட பிறகுதான் வந்தது.

கையெழுத்துப் போட்டு இருபது நிமிடத்தில் லேப்டாப் பூட்டிக்கொண்டது. பதிமூன்று வருடச் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, அப்ரைசல் கடிதங்கள், இன்ஷூரன்ஸ் கார்டு எல்லாம் உள்ளே. அவற்றை ஒவ்வொன்றாகக் கெஞ்சி வாங்க இரண்டு மாதம் ஆனது. சொந்தமான இந்தக் காகிதங்களை ஒவ்வொரு மாதமும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கம்பெனியின் நிரலையோ வாடிக்கையாளர் விவரத்தையோ தொடாதீர்கள், அது வேறு வினையாகிவிடும். பி.எஃப். கணக்கில் நம் ஊருக்கே உரிய இன்னொரு வில்லங்கம்: இனிஷியல். ஆதாரில் என் பெயர் இனிஷியலோடு, பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக, பி.எஃப்.-இல் பெயருக்கு முன்னால் அப்பா பெயர். வேலையில் இருக்கும்போது ஹெச்.ஆரிடம் ஒரு படிவத்தில் முடிந்திருக்கும். வெளியே வந்த பிறகு ராயப்பேட்டை நெடுஞ்சாலை பி.எஃப். அலுவலகத்துக்கு நான்கு நடை. ஹெச்.ஆருக்குப் பதினேழு மெயில்.

வீட்டில் அன்றைக்கே சொல்லவில்லை. மனைவியிடம் ராத்திரி சொன்னேன். அம்மாவிடம் சொல்ல வார இறுதி ஆகட்டும் என்று இருந்தோம். வார இறுதியில் மிக்ஜாம் புயல் வந்தது. டிசம்பர் 3 ராத்திரியெல்லாம் மழை, விடியும்போது பள்ளிக்கரணையில் எங்கள் தெருவே ஏரியாகிவிட்டது. நாங்கள் தரைத்தளம். வாசல்படி தாண்டித் தண்ணீர் உள்ளே வந்ததும் நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? பூட்டிக் கிடந்த கம்பெனி லேப்டாப்பை பாலித்தீன் பையில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினேன். நகைப்பெட்டியையும் வீட்டுப் பத்திரத்தையும் மனைவிதான் எடுத்தாள். அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் மாடிக்குத் தூக்கிப் போனோம். மூன்று நாள் கரண்ட் இல்லை. போனில் கொஞ்சம் சார்ஜ் ஏறியதும் வந்த முதல் மெயில், லேப்டாப்பைத் திருப்பித் தரும் கெடு முடிந்துவிட்டது, தாமதமானால் செட்டில்மென்ட்டில் பிடிக்கப்படும் என்பது. 2015 வெள்ளத்தில் ரிலீஸ் நிற்கக்கூடாது என்று இதே கம்பெனி எங்களை பஸ் வைத்து பெங்களூருக்கு அனுப்பியது. அம்மாவை மாமா வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். அப்போது அதில் பெருமை வேறு.

மாடிப்படி ஏறி இறங்கியதில் அம்மாவின் முட்டி மோசமானது. கம்பெனி இன்ஷூரன்ஸ் நவம்பர் 30-ஓடு முடிந்திருந்தது. புதிதாகத் தனி பாலிசி எடுக்கப் போனால், மூட்டு மாற்றத்துக்குக் காத்திருப்புக் காலம் வருடக் கணக்கில். குரூப் பாலிசியை அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி உண்டு, ஆனால் கவர் முடிவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். அப்படி ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மார்ச்சில் கைப்பணம் 2,85,000 போட்டு அறுவை சிகிச்சை செய்தோம். கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள், பெற்றோருக்குத் தனியாகச் சின்னதாகவாவது ஒரு பாலிசியை வேலையில் இருக்கும்போதே எடுத்து வையுங்கள்.

ஐந்து மாதம் சும்மா இருந்தேன். இ.எம்.ஐ. 43,500. மனைவியின் சம்பளத்தில் வீடு நடந்தது. காலையில் அவள் பள்ளிக்குப் போன பிறகு, எட்டரை மணிக்கு ஷூ போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. மேட்ரிமோனி காலத்தில்கூட இத்தனை முறை என்னைப் பற்றி நானே பெருமையாக எழுதியதில்லை. இன்டர்வியூவில் ஏன் விலகினீர்கள் என்று கேட்டபோது ஆட்குறைப்பு என்று சொன்னேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை, அந்த வருடம் எல்லோர் வீட்டிலும் வேலை போன ஒருவர் இருந்தார். 'ரெக்கார்டு' என்று பயமுறுத்தியதை நினைத்துக்கொண்டேன். 2024 மே மாதம் பழைய சம்பளத்தில் 18 சதவீதம் குறைவாக ஒரு வேலை கிடைத்தது. முந்தைய ஜூனில் தள்ளிவிட்ட ஆஃபரோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டு, அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

விற்பனை பிப்ரவரியிலேயே முடிந்திருந்தது. தலைவர்கள் எல்லோரும் வரிசையாக நின்று சிரித்த படம் வந்தது. வேட்டி கட்டிய வி.பி.யும் அதில் இருந்தார், இப்போது கோட்டில்.

செப்டம்பரில், வாங்கிய கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு போன். நான் எழுதிய மாட்யூலில் ஏதோ சிக்கல், ஒரு மருத்துவமனையில் பில் இரட்டிப்பாக விழுகிறது, நான் கே.டி. கொடுத்த இரண்டு பேரும் விலகிவிட்டார்கள், வீடியோக்கள் எந்த சர்வரில் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியவில்லையாம். சனி ஞாயிறில் மட்டும் ஆலோசகராக உதவ முடியுமா என்று கேட்டார்கள். என் புது மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, நாளுக்கு இவ்வளவு, பாதி முன்பணம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்கள். ஒப்பந்தம் மெயிலில் வந்தது, இன்று மாலைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப முடியுமா என்ற குறிப்போடு. மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டே சிரித்தாள்.

படித்துப் பார்க்க நான்கு நாள் வேண்டும் என்று பதில் எழுதினேன். "தாராளமாக" என்று வந்தது.